உழுத நிலமும் குடியிருந்த வீடும்



நம் தோட்டப்புறங்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு விருந்தாளி வந்தால், லயத்து வாசலில் நிற்கும் முருங்கை மரத்தைக் காட்டி, "இது எங்கள் தாத்தா வைத்த மரம்" என்று பெருமையோடு சொல்லுவோம். மரம் தாத்தா வைத்தது, சரி. அது வேர் விட்டிருக்கும் மண் யாருடையது? இந்தக் கேள்வியை நாம் அடிக்கடி கேட்பதில்லை. கேட்கவேண்டிய நாள் வரும்போதோ, காலம் கடந்துவிடுகிறது.

எங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வாழ்ந்த தோட்டம் கைமாறியது. என் தந்தையார் முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர். "உங்களுக்கெல்லாம் வீட்டுமனை தருவோம்" என்று பழைய நிர்வாகத்தார் வாயால் சொல்லியிருந்தார்கள். புதிய நிர்வாகத்தார், "அது எந்தக் கடிதத்தில் இருக்கிறது?" என்று கேட்டார்கள். என் தந்தையாரிடம் கடிதம் இல்லை. சொன்னவருடைய சொல் மட்டுமே இருந்தது. சொன்னவரோ ஊரில் இல்லை.

இன்று அந்த இடத்தில் தொழிற்சாலைக் கிடங்கு நிற்கிறது. நான் அந்த வழியே பள்ளிக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி மனத்தில் எழும். நிலத்தில் உழைத்தவனுக்கும் நிலத்தின் சொந்தக்காரனுக்கும் இடையே உள்ள இந்தச் சிக்கல் நம்மோடு தோன்றியதா? அல்லது நமக்கு முன்னும் இருந்ததா? பிற நாட்டார் அதை எப்படி அவிழ்த்தார்கள்? இன்றைய பேச்சு அதைப்பற்றியதுதான்.

முதலில் நம் முன்னோர் புறப்பட்ட மண்ணுக்குப் போவோம். நம்மில் பலருடைய பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர்கள். 'ரஜுலா' என்ற கப்பலின் பெயரைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நாகப்பட்டினமும் அதைச் சூழ்ந்த காவிரிக் கழிமுகமும் அந்நாளில் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர்பெற்ற பூமி. நெற்களஞ்சியத்தில் பிறந்தவர்கள் எதற்காகக் கடல் கடந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? களஞ்சியம் நிறைந்திருந்தது, அதன் சாவி வேறொருவர் இடுப்பில் இருந்தது. அதுதான் காரணம்.

தஞ்சைப் பூமியில் நிலத்துக்குச் சொந்தக்காரர் மிராசுதார் எனப்பட்டார். அங்கே நிலத்தை வேலிக் கணக்கில் அளப்பார்கள். ஒரு வேலி இருபது மா. ஏக்கர் கணக்கில் ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. பல நூறு வேலி வைத்திருந்த குடும்பங்களும் இருந்தன. பெரிய கோயில்களுக்கும் மடங்களுக்கும் ஏராளமான நிலம் இருந்தது. இவ்வளவு நிலத்தையும் சொந்தக்காரர் தாமே உழமுடியுமா? உழுதவர்கள் வேறு. அவர்கள் மூன்று வகைப்பட்டார்கள்.

முதல் வகை, குத்தகைதாரர். விளைந்தாலும் விளையாவிட்டாலும், ஆண்டுக்கு இத்தனை கலம் நெல் என்று பேசிய கணக்கை அளந்துவிட வேண்டும். இரண்டாம் வகை, வாரக்குடி. களத்தில் விளைச்சலைக் குவித்து, பங்கு பிரித்து, சொந்தக்காரர் பங்கு போக மீதியை எடுத்துக்கொள்வது. மூன்றாம் வகை, பண்ணையாள். இவர் பயிரிடும் குடியும் அல்லர், தினக்கூலியும் அல்லர். ஒரே பண்ணையில் ஆண்டு முழுவதும் கட்டுண்டு வேலை செய்பவர். இவருடைய மனைவியும் நடவுக்கும் களையெடுப்புக்கும் அதே பண்ணைக்குத்தான் போகவேண்டும். மிகப் பெரும்பாலோர் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்கள். கலியாணத்துக்கு வாங்கிய கடன் தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். கடனோடு அடிமைத்தனமும் வரும். சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் கொடுமையும் அங்கே நடந்தவை, கட்டுக்கதைகள் அல்ல.

வாரக்குடியின் நிலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். களத்தில் நூறு கலம் நெல் குவிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நாளில் பல ஊர்களில் உழுத குடிக்குக் கிடைத்தது இருபது கலம் அல்லது இருபத்தைந்து கலம். மாடும் ஏரும் விதையும் உழைப்பும் குடியுடையவை. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்ற பழமொழி இப்படிப்பட்ட களத்துமேட்டில்தான் பிறந்திருக்கவேண்டும்.

1940களில் விவசாயிகள் சங்கம் கட்டினார்கள். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாச ராவ் என்பவர் தஞ்சைக் கிராமங்களுக்கு வந்து, சேரிகளிலேயே தங்கி, மக்களை ஒன்றுசேர்த்தார். போராட்டத்தின் பலனாக 1952ஆம் ஆண்டில், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சாவூர்க் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது குடிக்குச் சேரவேண்டும் என்றது அது. நம் கணக்கில் நூறு கலத்துக்கு நாற்பது கலம். பண்ணையாளைக் காரணமின்றி விலக்கக்கூடாது என்றும் சொன்னது.

1955ஆம் ஆண்டுச் சட்டம், குத்தகையை ஒழுங்காகச் செலுத்தும் குடியை நிலத்தைவிட்டு வெளியேற்றுவதைத் தடுத்தது. 1956இல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம், நஞ்சை நிலத்தில் சொந்தக்காரருக்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இல்லை என்று கட்டியது. அதாவது, குடிக்கு அறுபது கலம். இருபதும் இருபத்தைந்தும் வாங்கிய கைக்குச் சட்டப்படி அறுபது!

இங்கேதான், நேயர்களே, நாம் கவனிக்கவேண்டிய இடம் வருகிறது. சட்டப் புத்தகத்தில் அறுபது, களத்துமேட்டில் எத்தனை? பெரும்பாலான குத்தகைகள் வாய்ப்பேச்சாகவே இருந்தன. "இவன் என் குத்தகைக்காரனே அல்ல" என்று மிராசுதார் சொல்லிவிட்டால், குடியிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. நாற்பது ஆண்டு உழுத நிலத்தில், தான் உழுதேன் என்று நிரூபிக்க வழியில்லை! பண்ணையாள் கதையும் அப்படியே. சட்டம் பண்ணையாளைக் காக்கிறது என்றதும், பல நிலச்சொந்தக்காரர்கள் பண்ணையாட்களைத் தினக்கூலிகளாக மாற்றிவிட்டார்கள். தினக்கூலிக்கு அந்தச் சட்டம் பொருந்தாதல்லவா?

இந்தக் குறையைப் போக்க 1969இல் இன்னொரு சட்டம் வந்தது. இன்னாருடைய நிலத்தை இன்னார் குத்தகைக்குப் பயிரிடுகிறார் என்று அரசாங்கமே ஏட்டில் பதிந்துவைக்கும் சட்டம் அது. வாய்ச்சொல் எழுத்தாக மாறிய பிறகுதான் பலருக்கு முந்தைய சட்டங்கள் பயன்பட்டன.

அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பெருந்துயரம் நிகழ்ந்திருந்தது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, நாகப்பட்டினத்துக்கு அருகே கீழ்வெண்மணி என்ற சிற்றூரில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துத் தீக்கிரையாக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஓடிவந்து ஒளிய அவர்களுக்கு இருந்த இடமும் ஒரு குடிசைதான்.

பண்ணையாளின் குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையதே. "கூடுதல் கூலி கேட்கிறாயா? குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்ற ஒரு சொல்லில் எந்த வாயையும் அடைத்துவிடலாம். வயலைவிட, வீடுதான் பலமான விலங்கு. இதையறிந்து 1971இல் தமிழ்நாட்டில் குடியிருப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்த மனையையே சொந்தமாக்கிய சட்டம் அது. என்னைக் கேட்டால், இத்தனை சட்டங்களிலும் நமக்கு மிக அருகில் வருவது இதுதான் என்பேன்.

'இது நம்மவர் விதி. வெள்ளைக்காரனுக்கு இப்படியெல்லாம் நேருமா?' என்று சிலர் எண்ணலாம். நேர்ந்தது. அதுவும் செல்வத்துக்குப் பெயர்போன அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் நேர்ந்தது.

1629ஆம் ஆண்டில் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. நான்கு ஆண்டுக்குள் ஐம்பது பேரைக் கொண்டுவந்து குடியேற்றுபவருக்கு ஆற்றோரத்தில் பெருநிலம் வழங்கப்படும் என்பது அதன் சாரம். ஆம்ஸ்டர்டாமில் வைர வாணிபம் செய்த கிலியன் வான் ரென்சலர் என்பவர் ஆற்றின் இருகரையிலும் பரந்த நிலத்தைப் பெற்றார். தாம் பெற்ற நிலத்தை அவர் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை! 1664இல் ஆங்கிலேயர் அந்நாட்டைக் கைப்பற்றினார்கள். பெருநில முறையோ மாறவில்லை. 1686இல் லிவிங்ஸ்டன் என்ற குடும்பத்துக்கு ஏறத்தாழ 1,60,000 ஏக்கர் உறுதிசெய்யப்பட்டது.

அந்தக் காட்டை வெட்டியவர்கள் ஏழைக் குடியானவர்கள். மரத்தை வீழ்த்தி, வேரைத் தோண்டி, கல்லைப் பொறுக்கி, வேலி கட்டி, வீடு எழுப்பியவர்கள் அவர்கள். தஞ்சைக் குடிக்கு இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது. கையெழுத்துப் போட்ட குத்தகைப் பத்திரம். ஆனால் அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? வான் ரென்சலர் நிலத்தில், நூறு ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து முதல் பதினான்கு புஷல் கோதுமை, நான்கு கொழுத்த கோழிகள், வண்டியும் குதிரையுமாக ஒரு நாள் ஊழியம். இது தலைமுறை தலைமுறையாகத் தொடரும். போதாதென்று, குடியானவர் தம் பண்ணையை வேறொருவருக்கு விற்றால், கிடைக்கும் விலையில் நான்கில் ஒரு பங்கு நிலக்கிழாருக்கு. நானூறு டாலருக்கு விற்றால் நூறு டாலர் அவருக்கு. நிலத்தின் விலையை உயர்த்தியது யாருடைய வியர்வை? பங்கு யாருக்கு?

1766இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தலைமை வகித்த வில்லியம் பிரெண்டர்காஸ்ட் என்பவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய மனைவி மெஹிட்டபல் குதிரையேறி நெடுந்தூரம் சென்று ஆளுநரிடம் மன்றாடினார். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, பின்பு மன்னரின் மன்னிப்பும் கிடைத்தது. உயிர் தப்பியது, நிலமுறை மாறவில்லை. பிறகு அமெரிக்கா விடுதலையும் பெற்றது. அப்போதும் மாறவில்லை! நாட்டுக்கு விடுதலை வந்துவிட்டால், உழுபவருக்கும் தானாக வந்துவிடும் என்பதில்லை.

1839இல் ஸ்டீபன் வான் ரென்சலர் என்ற நிலக்கிழார் இறந்தார். அவர் காலத்தில் வசூலிக்காமல் விட்டிருந்த பாக்கி ஏறத்தாழ நான்கு லட்சம் டாலர். பிள்ளைகள் அதை வசூலிக்கப் புறப்பட்டார்கள். குடியானவர்கள் மலைக்கிராமங்களில் ஒன்றுகூடினார்கள். சாப்பாட்டுக்கு அழைக்க வீடுதோறும் ஒரு தகர ஊதுகொம்பு இருக்கும். ஜப்திக்கு ஷெரீப்பின் ஆட்கள் வந்தால், ஒரு வீட்டுக் கொம்பு ஊதும். அடுத்த வீட்டுக் கொம்பு அதற்குப் பதில் ஊதும். மலை முழுவதும் கூடிவிடும். சில இடங்களில் கலகமும் நேர்ந்தது. 1845இல் ஓர் அதிகாரி சுடப்பட்டு இறந்தார். அதனால் அடக்குமுறை கடுமையாயிற்று. குடியானவர்களுக்கு இறுதியில் வெற்றி தேடித் தந்தது துப்பாக்கியன்று, வாக்குச்சீட்டு. தங்களுக்கு ஆதரவானவர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1846ஆம் ஆண்டு நியூயார்க் அரசியலமைப்பு, விவசாய நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் இத்தகைய குத்தகைக்கு விடுவதைத் தடைசெய்தது. விலையில் கால்பங்கு கேட்கும் நிபந்தனை இனி எழுதப்படாமலும் தடுத்தது. அதன்பின் நிலக்கிழார்கள் மெல்ல மெல்ல நிலத்தைக் குடியானவர்களுக்கே விற்கத் தொடங்கினார்கள்.

ஆக, தஞ்சையில் எழுத்து இல்லாததால் கெட்டார்கள். ஹட்சன் கரையில், எழுத்து மாற்றானுக்குச் சாதகமாக இருந்ததால் கெட்டார்கள். கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது; அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கவும் வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். செபராங் பிறையைக் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது 1800ஆம் ஆண்டில். அப்போது அதற்குப் புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்று பெயரிட்டார்கள். 1840களுக்குப் பிறகு இங்கே ஐரோப்பியரின் கரும்புத் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் சஞ்சிக் கூலிகளாக வந்து கால் வைத்தது அந்தக் கரும்புக் காட்டில்தான். சஞ்சிக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. இன்று புக்கிட் தெங்கா வட்டாரத்தில் தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன.

தோட்டத் தொழிலாளி குத்தகைக்காரர் அல்லர், சம்பளக்காரர். அது உண்மை. ஆனால் வீட்டு விஷயத்தில் அவர் நிலை தஞ்சைப் பண்ணையாளின் நிலையை ஒத்திருந்தது. வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. வேலை போனால் வீடு போகும்; வீடு போனால் பள்ளியும் கோயிலும் அக்கம்பக்கத்துச் சொந்தமும் எட்டப் போகும். நம் அண்டைவீட்டுக்காரரான மலாய் நெல் விவசாயிகளிலும் பலர் பிறர் நிலத்தில் பயிரிட்டவர்களே. ரெலோங் கணக்கில் குத்தகை பேசி, நடவுக்கு முன்பே பணத்தைக் கட்டும் குடும்பங்கள் வட மாநிலங்களில் நிறைய இருந்தன. அவர்களைக் காக்க 1955இலும் 1967இலும் நெல் பயிரிடுவோர் சட்டங்கள் இயற்றப்பட்டன. அங்கும் வாய்ப்பேச்சுக் குத்தகையே வழக்கமாக இருந்ததால், சட்டம் வயல்வரை வந்து சேருவது கடினமாயிற்று. இந்தச் சிக்கலுக்கு இனமில்லை, மொழியில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். இதைத்தான் நம் பெரியவர்கள் 'தோட்டத் துண்டாடல்' என்று வேதனையோடு சொல்லுவார்கள். பேராசிரியர் உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப்பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன.

அந்த இருண்ட நேரத்தில்தான் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். "தோட்டம் விற்கப்படுகிறது என்று அழுவதைவிட, நாமே ஏன் அதை வாங்கக்கூடாது?" என்பதே அவர் கொண்டுசென்ற கருத்து. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர்கள் பங்குப்பணம் கட்டினார்கள். அந்நாளில் பத்து வெள்ளி சிறிய தொகையன்று. பிள்ளையின் சட்டையும் வீட்டுக்கறியும் அதில் அடங்கும். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் 1961இல் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. பெரட்டுக்கு நின்றவர்களின் பத்து வெள்ளிகள் ஒன்றுசேர்ந்து, துரையின் தோட்டத்தை வாங்கின!

ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சங்கத்தில் பங்குதாரராக இருப்பது ஒன்று. நாம் படுத்துறங்கும் மனைக்கு நம் பெயரில் கிராண்ட் இருப்பது வேறு. முதலாவது இருப்பதாலேயே இரண்டாவது வந்துவிடாது. அதற்குத் தனியாகச் சேமிக்கவும், தனியாகக் கேட்கவும் வேண்டும்.

தஞ்சையிலும் இதைப்போன்ற ஒரு முயற்சி உண்டு. கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு அந்த வட்டாரத்துக்கு வந்து தங்கிய ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர், 1981இல் 'லாஃப்டி' என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். நிலச்சொந்தக்காரரிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை நியாயமான விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பத்திரத்தை வீட்டுப் பெண்ணின் பெயரில் எழுதினார்கள். குடிக்கும் சூதுக்கும் நிலம் போகாமல் இருக்க அது நல்ல வேலி. 2008இல் அந்தத் தம்பதியருக்கு உலகப் புகழ்பெற்ற வாழ்வுரிமை விருது வழங்கப்பட்டது.

நேயர்களே, இத்தனை தூரம் சுற்றிவந்ததற்கு ஒரு பயன் வேண்டாமா? வீட்டில் ஒரு தகரப் பெட்டியோ, கெட்டியான கோப்போ வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு, வேலைக்குச் சேர்ந்த கடிதம், வீடு ஒதுக்கிய தாள், சேமநிதிக் கணக்கு, மின்சார ரசீது, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் அதில் சேர்த்து வையுங்கள். யாராவது மனை தருவதாக வாக்களித்தால், முகம் மலர்ந்து நன்றி சொல்லுங்கள். கூடவே, "ஐயா, அதை ஒரு கடிதமாகக் கொடுங்கள்" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது குற்றமன்று. கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், படித்த பிள்ளையைக் கொண்டு வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் விளங்காவிட்டால் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள்; ஆசிரியர்கள் எதற்காக இருக்கிறோம்? விளங்காத தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். தனியாகப் போய்ப் பேசுவதைவிடப் பத்துக் குடும்பம் சேர்ந்து, சங்கத்தின் மூலமாகப் பேசுங்கள். ஹட்சன் மலைக்காரர்களின் கொம்பு ஒரு வீட்டில் மட்டும் ஊதியிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

என் தந்தையார் தோட்டத்தைவிட்டுப் புறப்பட்ட அன்று, முருங்கையிலிருந்து ஒரு கொம்பை ஒடித்து ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். வாடகை வீட்டில் அதை நட இடமில்லாமல் காய்ந்துபோயிற்று. பல ஆண்டு கழித்து, நானும் என் தம்பியும் சேர்ந்து சிறு வீடொன்றைத் தவணையில் வாங்கினோம். முதல் வேலையாக என் தந்தையார் எங்கிருந்தோ ஒரு முருங்கைக் கொம்பைக் கொண்டுவந்து நட்டார். அதற்கு முன், வீட்டுப் பத்திரத்தை எடுத்துவரச் சொல்லி, தம் பெயர் இல்லாத அந்தத் தாளைக் கையில் வாங்கி, எங்கள் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாள் வரட்டும்.